மலை வீட்டுக் குளிரும் ஓதமும்: வேலை செய்த இடங்களில் பார்த்தவை

ஊட்டி, கூரை வேலை:
லவ்டேல், பெர்ன்ஹில் பக்கம் ஜனவரி ஆனால் ஒரே புகார்தான். மழையே இல்லை, விடியற்காலையில் தகரக் கூரை சொட்டுகிறது என்பார்கள். ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது ஒழுகலே இல்லை. வானம் தெளிந்த இரவில் தகடு வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சமையல், வெந்நீர், மூச்சு எல்லாவற்றின் ஈரமும் மேலேறி அதன் அடியில் நீராகிவிடும்.

தகட்டுக்கு அடியில் கிளாஸ்வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு போட்டால் சரியாகும், ஆனால் போடும் விதம் முக்கியம். கனம் 50 மி.மீ. போதாது, 100 வேண்டும். அலுமினியத் தாள் ஒட்டிய பக்கம் அறையைப் பார்க்க வேண்டும். நிறைய இடங்களில் தகட்டைப் பார்த்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்த ஒரு விடுதியில் உள்கூரை ஜிப்சம் போர்டைக் கழற்றியபோது பஞ்சு முழுக்க நனைந்து, கறுத்து, பாதிக்கு நசுங்கிக் கிடந்தது. நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது. தாள்கள் சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. படியும்படி வைத்து அலுமினிய டேப் ஒட்டுங்கள். லைட்டுக்குப் போடும் ஓட்டையைச் சுற்றியும் ஒட்டுங்கள். பஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவே 40 மி.மீ. இடைவெளி விட்டு, இறவாணத்திலும் முகட்டிலும் வலை போட்ட காற்றுவழி வையுங்கள்.

குன்னூர், கட்டடப் பொறியாளர்:
அதற்கும் முன்னால் பின்சுவரைப் பாருங்கள். மண்ணை வெட்டி, வெட்டின சரிவோடு ஒட்டியே சுவர் எழுப்பினால் வடகிழக்குப் பருவமழை நீர் நேரே செங்கல்லில் இறங்கும். ஈரச் செங்கல் காய்ந்ததைவிட வேகமாக வெப்பத்தை வெளியே விடும். 3 அடி இடைவெளி விட்டுத் தனியாகத் தடுப்புச் சுவர், அதில் நீர் வெளியேறத் துளைகள், கீழே வீட்டுத் தரைமட்டத்துக்கு அரை அடியாவது தாழ்ந்த வாய்க்கால். இது இல்லாமல் உள்ளே குளிர் தடுக்கும் எந்த போர்டு ஒட்டினாலும் காசு வீண்.

கொடைக்கானல், உள்வேலை:
பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பதற்குக் காரணம் பெயின்ட் இல்லை. அறை 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 14.5 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன் மேலும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே 5 டிகிரி இருக்கும்போது 9 அங்குலச் செங்கல் சுவரின் உள்பக்கம் ஏறக்குறைய 14தான் இருக்கும். பீரோ மறைத்த இடம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டினால் அந்தச் சுவர் வழியே போகும் வெப்பம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும்.

நாள் முழுக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு வெளிப்பக்கம் ஒட்டுவதே நல்லது, பகலில் அறைக்குள் சேர்ந்த சூட்டைச் சுவர் தேக்கி வைத்திருக்கும். சாயங்காலம் மட்டும் ஹீட்டர் போடும் விடுதி அறைக்கு உள்பக்கம், சீக்கிரம் சூடாகும். ஆனால் உள்பக்கம் ஒட்டும்போது பசையைப் புள்ளி புள்ளியாக வைக்கக் கூடாது, போர்டு முழுக்கத் தடவ வேண்டும். இல்லையென்றால் இடுக்கில் காற்று புகுந்து மறுபடியும் பூஞ்சைதான்.

ஊட்டி, கூரை வேலை:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜன்னல் சட்ட இடுக்கையெல்லாம் பியு ஃபோம் (உப்பி இறுகும் பாலியூரித்தேன் நுரை) வைத்து அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளியலறை எக்ஸாஸ்ட் குழாயைப் பரணில் விடாமல் நேரே வெளிச்சுவர் தாண்டி விடுங்கள்.