பாளை வீட்டுக் குரூப்பில்: பார்லருக்கு எந்த புக்கிங் ஆப்?

(பார்லர் கவிதாவோடது. முத்து அவங்க தம்பி, ரேவதி முத்துவோட மனைவி. அத்தான்னா கவிதாவோட வீட்டுக்காரர், யாழினி மக. அம்மா, பெரியப்பா ரெண்டும் கவிதாவுக்கும் முத்துவுக்கும்.)

*சனிக்கிழமை, ராத்திரி 8:52*

கவிதா: எல்லாரும் சாப்ட்டாச்சா? ஒரு யோசனை கேக்கணும், பார்லர் விசயம்

கவிதா: ஆன்லைன் புக்கிங் வைக்கலாம்னு இருக்கேன். இனிமே இந்த நோட்டோட மல்லுக்கட்ட முடியாது

முத்து: அப்பாடா!! ரெண்டு வருசமா சொல்லுதேன்க்கா

கவிதா: நீ சொன்னப்ப அடிபடல, இப்ப பட்டாச்சு

ரேவதி: என்னாச்சு மதினி

கவிதா: போன வாரம் முகூர்த்தத்துக்கு ரெண்டு கல்யாணப் பொண்ணு, ஒண்ணு தச்சநல்லூர் இன்னொண்ணு கேடிசி நகர், ரெண்டு வீட்டுக்கும் விடியக்காலம் 3 மணிக்கு நானே வாரேன்னு சொல்லியிருக்கு. தச்சநல்லூர் நான் நோட்டுல எழுதுனது. கேடிசி நகர் நம்ம கடையில வேலை பாக்குற செல்வி அவ சொந்த போன்ல "ஓகேக்கா வந்துருவாங்க"ன்னு போட்டு விட்டது. முந்துன நாள் ராத்திரி 9 மணிக்குத்தான் தெரியுது

ரேவதி: ஐயோ

கவிதா: அழுதுட்டேன் ரேவதி. அப்புறம் கூடப் படிச்சவ ஒருத்தியக் கெஞ்சி கேடிசி நகருக்கு அனுப்புனேன். வாங்கின அட்வான்ஸ் 5000 அவளுக்கே போச்சு, கைக்காசு 2000 வேற. பொண்ணோட அம்மா இன்னைக்கு வரைக்கும் பேசல

அம்மா: அன்னைக்கு ராத்திரி பூரா அவ தூங்கல நாந்தான் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன் அந்தச் செல்விப் பிள்ளையையும் வையாத பாவம் அதுக்கு என்ன தெரியும் போன்ல கேட்டாங்க சரின்னு சொல்லிட்டு அது நல்ல பிள்ள

கவிதா: வையலம்மா. நோட்டு என் பேக்ல இருந்தா அவ எதப் பாத்து சொல்லுவா

யாழினி: மாமா, அம்மா நோட்டு பாத்திருக்கீங்களா 😂 போட்டோ போடுதேன் இருங்க

யாழினி: 📷 போட்டோ

முத்து: ஏட்டி இது என்ன, பாதி பென்சில் பாதி பேனா, நடுவுல சாஞ்சு சாஞ்சு கோடு

கவிதா: பேனான்னா அட்வான்ஸ் வந்தாச்சு. பென்சில்னா கேட்டிருக்காங்க, காசு வரல, ரெண்டு நாள் பாத்துட்டு ரப்பர் வச்சு அழிச்சிருவேன்

முத்து: சரி, அந்த சாஞ்ச கோடு?

கவிதா: அது ஹேர் கலர். தடவ அரை மணி நேரம். அப்புறம் 35, 40 நிமிசம் அவங்க சும்மா உக்காந்திருப்பாங்க, அப்ப நான் ரெண்டு பேருக்கு த்ரெட்டிங் முடிச்சிருவேன். திரும்ப வாஷ் பண்ணி ட்ரை பண்ண அரை மணி. அந்தச் சும்மா இருக்குற நேரத்துக்குத்தான் சாஞ்ச கோடு

முத்து: க்கா, உண்மையச் சொல்லணும்னா நோட்டு நல்ல சிஸ்டம். எங்க ஆபீஸ்ல இதுக்கு ஒரு டீமே இருக்கு 😄

கவிதா: கிண்டல் பண்ணாத. ஆப் சொல்லு

முத்து: முதல்ல ஃப்ரீயா பாப்போம். கூகுள் கேலண்டர்லயே புக்கிங் பேஜ் இருக்கு, சாதாரண ஜிமெயில்ல ஒண்ணு இலவசமா வச்சுக்கலாம். ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவுல 10 நிமிசம் விடு, இத்தனை மணி நேரத்துக்கு முன்னாடி புக் பண்ணுனாத்தான் எடு, எல்லாம் செட் பண்ணலாம்

கவிதா: ஃபேஷியல் 1 மணி நேரம், ஹேர்கட் முக்கால் மணி, ஸ்ட்ரெய்ட்டனிங் 4 மணி நேரம். எல்லாம் ஒரே பேஜ்ல வருமா

முத்து: அங்கதான் சிக்கல். ஒரு பேஜுக்கு ஒரே நேர அளவுதான். கேலண்ட்லின்னு இன்னொரு புக்கிங் ஆப், அவனும் இலவசம்னா ஒரே வகைதான் குடுப்பான்

ரேவதி: இன்னொண்ணு, கூகுள் பேஜ் மெயில் ஐடி கேக்கும். கன்ஃபர்ம் ஆனதும் மெயில்லதான் போகும். மதினி, உங்க கஸ்டமர்ல எத்தனை பேரு மெயில் பாப்பாங்க?

கவிதா: மகாராஜநகர் டீச்சர் ஒருத்தங்க பாப்பாங்க. அவ்வளவுதான்

யாழினி: ஃப்ரெஷான்னு ஒண்ணு இருக்கு மாமா, சலூனுக்குன்னே பண்ணுனது, பாக்க செம்மையா இருக்கு

முத்து: பாத்தேன். அவன் ஆப்ல தேடி புதுசா ஒரு கஸ்டமர் வந்தா முதல் தடவைக்கு 20% கமிஷன் எடுப்பான். 2000 ரூவா ஃபேஷியல்னா 400 அவனுக்கு. பெங்களூர்ல அதப் பாத்துப் போறவங்க இருக்காங்க, பாளையங்கோட்டையில பார்லர் தேட யாரு அந்த ஆப்பத் திறக்கப் போறா

அத்தான்: ஊர்ல எல்லாரும் கூகுள் மேப்புல பாத்துட்டுத்தான் வாராங்க. இல்லன்னா பக்கத்து வீட்டுல சொல்லி

முத்து: கரெக்ட் அத்தான். மேப்ல நம்ம கடை பேருக்குக் கீழயே புக்கிங் லிங்க் போட்டுக்கலாம், அதுக்குக் காசு இல்ல

அத்தான்: போன மாசம் ஒருத்தரு கடைக்கே வந்து டெமோ காட்டுனாரு. வருசம் 18000. என்ன கேட்டாலும் "இருக்கு சார்"னாரு. ஜிஎஸ்டி பில் வரும் சார்னாரு, நமக்கு வரவு 20 லட்சத்துக்குள்ளதான், ரிஜிஸ்டரே பண்ணலன்னேன். அதுக்கும் இருக்கு சார்ங்காரு

யாழினி: 😂😂😂

அத்தான்: கடைசியா நான் ஒண்ணு கேட்டேன். அடுத்த வருசம் நாங்க வேண்டாம்னா கஸ்டமர் பேரு நம்பர் லிஸ்ட்டு பூரா எடுத்துக் குடுத்துருவீங்களான்னு. அதுக்கு மட்டும் மேலிடத்துல கேட்டுச் சொல்லுதேன்னாரு. இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காரு

முத்து: அத்தான் செம்ம கேள்வி. அதுக்குப் பதில் சொல்லாதவன்ட்ட நோட்டக் குடுக்கக் கூடாது

பெரியப்பா: கவிதா. இப்பதான் பார்த்தேன். ஒன்று கேட்கிறேன். கடையில் புக்கிங் எடுப்பது எத்தனை பேர்?

கவிதா: நான், செல்வி, ஜெனி. மூணு பேர் பெரியப்பா. யாழினி இன்ஸ்டாவுல வர்றதுக்கு பதில் போடுவா

பெரியப்பா: அப்போ நான்கு கவுண்டர். எத்தனை நோட்டு?

கவிதா: நோட்டு ஒண்ணு. மிச்சம் அவங்கவங்க போன்ல

பெரியப்பா: அதுதான் வியாதி. நான் ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ஒரு வண்டிக்கு ஒரு தேதிக்கு ஒரே ரிஜிஸ்டர். அந்த ரிஜிஸ்டர் எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் பெர்த் கொடுக்கலாம். பக்கத்து கவுண்டர்காரன் எழுந்து வந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஞாபகத்தில் வைத்து டிக்கெட் கிழித்தால் ஒரே பெர்த்தில் இரண்டு பேர் வந்து நிற்பான். மதுரை தாண்டியதும் சண்டை.

பெரியப்பா: உன் பென்சில் எழுத்து வெயிட்டிங் லிஸ்ட். பேனா கன்ஃபர்ம். இது தெரிந்தே எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரி. ஆப் எதுவானாலும் நான்கு பேரும் ஒரே ரிஜிஸ்டரில் எழுதுவார்களா, அதை மட்டும் பார்.

ரேவதி: பெரிய மாமா சொல்றதுதான் நானும் சொல்ல வந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி நான் பல் ஆஸ்பத்திரி ஒண்ணுல ரிசப்ஷன்ல இருந்தேன்ல, அங்க பெரிய சாஃப்ட்வேர் வாங்கி வச்சாங்க, லிங்க்ல வர்றது சிஸ்டத்துல விழும், போன்ல வர்றத டாக்டர் துண்டுச் சீட்டுல எழுதிக் கோட்டுப் பாக்கெட்டுல போட்டுக்குவாரு, நேரா வர்றவங்கள காம்பவுண்டர் உள்ள விட்டுருவாரு. 11 மணி ஸ்லாட் காலின்னு சிஸ்டம் காட்டும், அந்நேரம் சேர்ல ஆளு வாயத் திறந்து படுத்திருக்கும். புக் பண்ணிட்டு வந்தவங்கட்ட நான் திட்டு வாங்குவேன். நாலு மாசத்துல மூடி வச்சாங்க

ரேவதி: அதனால லிங்க் கஸ்டமர்க்கு எப்பிடித் தெரியும்னு பாக்காதீங்க மதினி. கையில பிளீச்சோட நிக்கிற செல்வி ஒரு கால் வந்தா 10 செகண்டுல உள்ள போட முடியுதான்னு பாருங்க. முடியலன்னா அவ போடமாட்டா

கவிதா: நிஜம். ஜெனிக்கு தமிழ்ல இருந்தா நல்லா இருக்கும்

முத்து: ஜோஹோ புக்கிங்ஸ் இருக்கு, நம்ம தென்காசிப் பக்கமும் ஆபீஸ் வச்சிருக்காங்கல்ல, அவங்களுது 😀 ஒரு ஆளுக்கு மட்டும்னா இலவசம். செல்வி, ஜெனியையும் சேத்தா ஆளுக்கு இவ்வளவுன்னு கட்டணும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நேரம், தனித்தனி ஆளு போடலாம்

கவிதா: சாஞ்ச கோடு?

முத்து: அது இதுலயும் லேசுல வராதுக்கா. முழு நேரத்தையும் மொத்தமா அடைச்சிரும். ஹேர் கலர ரெண்டு துண்டாப் போட்டு நடுவுல இடம் விட்டாத்தான் உண்டு

கவிதா: அப்பம் கலர லிங்க்ல விடவே வேண்டாம். எப்பிடியும் டை போட 48 மணி நேரம் முன்ன காதுக்குப் பின்னாடி கொஞ்சமாத் தடவி பேட்ச் டெஸ்ட் பண்ணணும். லிங்க்ல புக் பண்ணிட்டு நேரா வந்து உக்காந்து போடுங்கன்னா நான் எப்பிடிப் போடுவேன். அலர்ஜியாகி மூஞ்சி வீங்கினா யார் பதில் சொல்ல

கவிதா: இன்னொரு விசயம் நீங்க யாரும் கேக்கல. சேர் 3 இருக்கு, ஆளு 3 பேர் இருக்கோம், ஆனா தலை அலசுற பேசின் ஒண்ணே ஒண்ணு. ஒரே நேரம் ரெண்டு ஹேர் ஸ்பா வந்தா ஒருத்தி தலையில க்ரீமோட காத்துக் கெடப்பா

பெரியப்பா: வண்டி எத்தனை இருந்தாலும் பிளாட்பாரம் ஒன்று.

முத்து: 👏👏 பெரியப்பா

அம்மா: கல்யாணப் பொண்ணு புக்கிங்கும் அதுலயே வருமா கம்ப்யூட்டருக்கு ராகு காலம் எமகண்டம் தெரியுமா முகூர்த்தம் ஆறுலருந்து ஏழரைன்னா மூணு மணிக்கே போயி நிக்கணும்னு அதுக்கு யார் சொல்லுவா

கவிதா: பிரைடல் லிங்க்ல கிடையாதும்மா. அவங்க புடவை கலர் கேக்கணும், பூ யாரு, மண்டபம் எங்க, எத்தனை பேருக்கு மேக்கப்னு கேக்கணும், ரேட் பேசணும். அது போன்தான்

யாழினி: ரிமைண்டர் வாட்ஸ்அப்ல தானாப் போகுமா மாமா? ஞாயித்துக்கிழமை புக் பண்ணிட்டு வராம இருக்குறதுதான் பெரிய தொல்லை

முத்து: தானாப் போகணும்னா வாட்ஸ்அப் ஏபிஐ வாங்கணும், கம்பெனிகளுக்கான தனி இணைப்பு அது. மெசேஜ் வாசகத்த மெட்டாகாரன் ஒத்துக்கணும், 2025 ஜூலைலருந்து ஒவ்வொரு மெசேஜுக்கும் தனித்தனியா காசு. எஸ்எம்எஸ்னா டிஎல்டின்னு போன் கம்பெனிகள்ட்ட ஒரு ரிஜிஸ்ட்ரேஷன், வாசகத்தையும் அங்க பதியணும். ஒரு நாளைக்கு 12 பேர் வர்ற கடைக்கு அவ்வளவு வேணுமா?

யாழினி: நானே முந்துன நாள் சாயங்காலம் போட்டுர்றேன். வாட்ஸ்அப் பிசினஸ்ல குயிக் ரிப்ளைன்னு இருக்கு, ஒரு தடவை எழுதி வச்சா போதும், பேரும் நேரமும் மட்டும் மாத்திக்கலாம்

கவிதா: படிக்கிற பிள்ள நீ

யாழினி: 12 மெசேஜும்மா. ரீல்ஸ் பாக்குற நேரம் கூட ஆகாது

அத்தான்: அத நீயே ஒத்துக்கிட்ட 😂

அத்தான்: அட்வான்ஸ் யுபிஐ க்யூஆர்லயே வாங்குவோம். அதுக்குக் கமிஷன் கிடையாது. ஆப்புக்குள்ள கார்டு கேட்வே வச்சா 2% பக்கம் போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி

*இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

ரேவதி: யாரு என்ன டிலீட் பண்ணுனீங்க

அம்மா: ஒண்ணுமில்ல தோச மாவு இருக்கான்னு உங்க சித்திக்குப் போட வேண்டியது இங்க விழுந்துட்டு

*9:47*

முத்து: சரி நான் சொல்லுதேன். முதல்ல பார்லர் நம்பர வாட்ஸ்அப் பிசினஸ்ல போடு. அந்த ஒரே நம்பர இன்னும் 4 டிவைஸ்ல லிங்க் பண்ணலாம், செல்வி ஜெனி போன்லயும் அதுவே. சொந்த நம்பர்லருந்து இனி யாரும் ஓகே சொல்லக் கூடாது

முத்து: ரெண்டாவது, ஒரு கூகுள் கேலண்டர், எல்லாருக்கும் ஷேர். யாரோட வேலைன்னு பேரு போட்டு எழுதணும், பேசினுக்கு ஒரு தனி கேலண்டர். போன்ல வந்தாலும் நேர்ல வந்தாலும் இன்ஸ்டால வந்தாலும் அங்கதான் எழுதணும். கேலண்டர தமிழ்லயே வச்சுக்கலாம், ஜெனிக்கு ஈசி. இப்போதைக்கு கஸ்டமர்க்கு லிங்க் கிடையாது

கவிதா: அப்ப லிங்க் எப்ப

முத்து: மார்கழி ஃபுல்லா ஆள் இருக்காதுல்ல, அப்ப டெஸ்ட் பண்ணு

கவிதா: ஏல நீ பெங்களூர் போயி ஊரையே மறந்துட்ட. பாளையங்கோட்டையில மார்கழி சும்மாவா இருக்கும்? டிசம்பர் 20லருந்து கிறிஸ்துமஸ் கூட்டம், ஸ்ட்ரெய்ட்டனிங்கும் ஃபேஷியலுமா சாப்பிட நேரம் இருக்காது. ஜெனியே 24, 25 லீவு

முத்து: 🙏 மறந்தேன்

கவிதா: வர்ற திங்கள்லருந்து நாங்க மட்டும் கேலண்டர்ல எழுதுதோம். கிறிஸ்துமஸ் கூட்டத்துல நாங்க மூணு பேரும் ஒழுங்கா எழுதித் தாக்குப் பிடிச்சா ஜனவரி 2ந்தேதிக்கு மேல ஜோஹோ எடுத்து லிங்க் விடலாம். அதுவும் ஃபேஷியல், ஹேர்கட், பெடிக்யூர் மட்டும். ஹேர் ஸ்பா பேசின் இருக்குறதால போன்ல. த்ரெட்டிங்குக்கு புக்கிங்கே வேண்டாம், 10 நிமிச வேலை, நடந்து வரட்டும்

ரேவதி: மதினி, லிங்க் விட்டதும் முதல்ல பழைய கஸ்டமர் ஒரு அஞ்சு பேருக்கு மட்டும் குடுங்க. மேப்ல அப்புறம் போடலாம்

கவிதா: அந்த டீச்சருக்குக் குடுக்கேன். தப்பிருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டு அனுப்புவாங்க

பெரியப்பா: பழைய ரிஜிஸ்டரை உடனே மூடாதே. கம்ப்யூட்டர் வந்த புதிதில் நாங்களும் கொஞ்ச நாள் பக்கத்தில் வைத்திருந்தோம். ஆனால் அதில் எழுதாதே. பார்க்க மட்டும்.

கவிதா: சரி பெரியப்பா. தை மாசத்துக்கு ஏற்கனவே 9 பொண்ணு நோட்டுல இருக்கு, அத நாளைக்கு உக்காந்து ஏத்தணும். யாழினி நீ வாசி, நான் போடுதேன்

யாழினி: பேனாவுல இருக்குறது பச்சை. பென்சிலுக்கு என்ன கலர்மா?

கவிதா: மஞ்சள். எத்தனை பென்சில் இருக்கு பாரு

யாழினி: மூணு. ஒண்ணு அழிச்சிருக்கு ஆனா தடம் தெரியுது, "தை 15 சாந்தி நகர்"னு இருக்கு

கவிதா: அத யாரு அழிச்சா?? அவங்க நேத்தைக்குத்தான் 5000 போட்டு விட்டாங்க

யாழினி: நான் இல்ல

அத்தான்: நான் இல்ல

அம்மா: ரப்பர் நம்ம வீட்டுலதான் கெடந்துச்சு மளிகைக் கணக்க அழிச்சேன் அந்த நோட்டுலயா அழிச்சேன்

கவிதா: யம்மா!!!

முத்து: க்கா திங்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இப்பவே அந்த ஒண்ண மட்டும் கேலண்டர்ல போட்டுரு

கவிதா: போட்டுட்டேன். பச்சை. விடியக்காலம் 3:00