தங்கை முடி பிடுங்கும் விஷயம்: புதுப்பிப்பு

சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் பரீட்சை நெருங்க நெருங்க என் தங்கை உச்சந்தலை முடியைப் பிடுங்கிக்கொண்டே படிக்கிறாள், திட்டினால் இன்னும் கூடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். எண்ணெய் வை, மொட்டை போடு என்று பலர் சொன்னீர்கள். அக்கறைக்கு நன்றி, ஆனால் இது தலைமுடிக் கோளாறே இல்லை.

பலதுறை மருந்தகத்தில் காட்டினோம், அங்கிருந்து உளவியலாளரிடம் அனுப்பினார்கள். இதன் பெயர் ட்ரைக்கோடில்லோமேனியா, தன் முடியைத் தானே பிடுங்காமல் இருக்க முடியாத மனநலக் கோளாறு. 2013இல் வந்த, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு இதை ஓசிடியோடு (வேண்டாமென்றாலும் ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) சேர்ந்த பிரிவில் வைத்திருக்கிறது, அதனால் 'நினைத்தால் நிறுத்தலாமே' என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள்.

அவளுக்குத் தருவது பழக்க மாற்றுப் பயிற்சி, 1973இல் அஸ்ரின், நன் என்ற இருவர் வகுத்த முறை. கை எப்போது தலைக்குப் போகிறது என்று முதலில் குறித்துவைக்கச் சொன்னார்கள். கணக்கு போடும்போதும் இரவில் படுத்துக்கொண்டு போன் பார்க்கும்போதும்தான் அதிகம், பாதி நேரம் அவளுக்கே தெரிவதில்லை. கை எழும்பினால் ஒரு நிமிடம் போல முஷ்டியை இறுக்கி வைத்திருக்க வேண்டும். படிக்கும்போது தலையில் துணி, விரல் நுனியில் பிளாஸ்டர். மாலையில் புளோக்கைச் சுற்றி அம்மாவோடு நடை.

முழுசாக நிற்கவில்லை, பரீட்சை வாரத்தில் கூடத்தான் செய்தது. ஆனால் அம்மா "ஏய், கையை எடு!" என்று அதட்டுவதை விட்டதே பெரிய மாற்றம், இப்போது அவளே வந்து சொல்கிறாள்.

அப்புறம் ஒன்று, பிடுங்கிய முடியை விழுங்கும் பழக்கமும் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள், அது வயிற்றில் பந்தாகத் திரண்டு குடலை அடைக்கக்கூடும். யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சிங்கப்பூரின் மனநல உதவி எண்ணான 1771இல் 24 மணி நேரமும் பேசலாம்.