பவர் சப்ளையில் மிஞ்சும் வாட்டுக்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ரோஸ் ஹில் (மொரீஷியஸ்), செவ்வாய் காலை

அன்புடையீர், வணக்கம்.

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கான இரண்டு பக்கக் கைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய கணினியில் புது கிராஃபிக்ஸ் அட்டை மாட்டுமுன், உள்ளே இருக்கிற பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) தாங்குமா என்று பார்ப்பது எப்படி என்பதுதான் பொருள். எழுதி முடித்தாயிற்று, ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

ஆர்.டி.எக்ஸ். 4070 அட்டைக்கு 200 வாட். ஐ5-12400 செயலிக்கு விவரத்தாளில் முதலில் கண்ணில் படுவது 65. முழு வேகத்தில் 117 வரை போகும், அதைத்தான் எடுத்தேன். தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, விசிறி எல்லாவற்றுக்கும் சேர்த்து 60. ஆகமொத்தம் 377. பவர் சப்ளையின் விலாவில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட்டுக்கு நேரே 45 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 45 = 540. அதில் 377 போனால் 163.

இந்த 163-க்குத் தமிழில் என்ன பெயர்? வரைவில் யாரோ ஆங்கில ‘ஹெட்ரூமை’ அப்படியே பெயர்த்துத் ‘தலையிடம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார்கள். பவர் சப்ளைக்கும் ஒரு சொல் கிடைத்தால் புண்ணியம்.

டர்பன், செவ்வாய் மாலை

அம்மா, ‘எச்சத்திறன்’ என்று வையுங்கள். திறன் என்பது வாட்டில் அளப்பது, எச்சம் எஞ்சியது. தொல்காப்பியர் எச்சவியலில் பத்து எச்சம் சொல்கிறார். பிரிநிலை எச்சம் முதல் இசையெச்சம் வரை எல்லாமே, பொருள் நிறைய ஏதோ ஒன்று இன்னும் வரவேண்டியிருக்கிறது என்ற நிலைதான். புது அட்டை வரக் காத்திருக்கும் வாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

இன்னொன்று. ஒட்டுத்தாளின் தலையில் கொட்டை எழுத்தில் 500 வாட் என்று போட்டிருக்கும். கீழே 12 வோல்ட் வரிசையில் 30 ஆம்பியர்தான் இருக்கும். அப்படியென்றால் அது 360 வாட். மீதி 3.3, 5 வோல்ட்டுக்குப் போனது; அட்டையும் செயலியும் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்டை. உங்கள் 377-க்கு அந்தப் பெட்டி ஆகாது. பெரிய எண்ணிலிருந்து கழித்தால் பொய்யான எச்சம் வரும் என்று கட்டம் போட்டு எழுதுங்கள்.

கத்ர் போர்ன், புதன் காலை

> எச்சத்திறன்

ஐயா, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் எச்சம் என்றால் மைனா ஜன்னல் கம்பியில் இட்டதைக் காட்டும். இங்கே மொரீஷியஸில் வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். பத்து எச்சம் நமக்கு, அவர்களுக்கு அல்ல.

நான் சொல்வது ‘பொங்கிடம்’. பானையில் விளிம்பு வரை பால் ஊற்ற மாட்டோம், பொங்க இடம் விடுவோம். அட்டையும் பொங்கும். 200 வாட் என்பது சராசரி. மைக்ரோ வினாடிக் கணக்கில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் இழுத்துவிட்டு அடங்கும் அட்டைகள் உண்டு. அதனால்தான் 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 தரம், 16 ஊசி (பின்) இணைப்புள்ள பவர் சப்ளை தன் அளவைப்போல இரு மடங்கை 100 மைக்ரோ வினாடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது. பழைய பெட்டியில் அந்தப் பொங்கலைப் பாதுகாப்புச் சுற்று ஆபத்தென்று எண்ணி மின்சாரத்தை வெட்டிவிடும். கடிதம் தட்டச்சும்போது ஒன்றும் ஆகாது. விளையாட்டில் காட்சி கனத்ததும் திரை கறுத்து, கணினி அணைந்தோ மறுபடி கிளம்பியோ நிற்கும். பிள்ளைகள் அட்டையைத்தான் திட்டுவார்கள்.

ரோஸ் ஹில், புதன் காலை

தம்பி, உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் பானை வழிந்தால்தானே ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவுகிறோம்? இங்கே வழியக் கூடாது.

யாங்கூன், புதன் பகல்

சேமம். ‘சேமத்திறன்’. புறநானூறு 102-ஐப் பாருங்கள்: வண்டியில் பாரம் பெரிது, எருதுகள் இளையவை, வழியில் மேடோ பள்ளமோ தெரியாது, உப்பு வணிகர் அடிமரத்தில் சேம அச்சு கட்டிப் போகிறார்கள். பாரம், மேடு, முன்யோசனை மூன்றும் நம் கணக்கில் அப்படியே இருக்கின்றன.

டர்பன், புதன் இரவு

பாட்டு அருமை, பொருத்தம்தான் இல்லை. சேம அச்சு முதல் அச்சு முறிந்த பிறகு மாட்டுவது; அதுவரை அது பாரம் சுமப்பதில்லை. சர்வர்களில் ஒன்று செத்தால் மற்றது ஏற்க இரண்டு பவர் சப்ளை வைப்பார்களே, சேமம் என்ற பெயர் அதற்குத்தான் உரியது. நம் 163 ஓடுகிற அச்சின் வலிமையிலேயே அடங்கியது. போதாக்குறைக்குச் சேமம் க்ஷேமத்தின் தமிழ் உரு.

யாங்கூன், புதன் இரவு

வடசொல் வடவெழுத்தை விட்டு வந்தால் தமிழில் செல்லும் என்று விதி சொன்னவரும் தொல்காப்பியர்தான். எச்சத்துக்கு அவர் வேண்டும், சேமத்துக்கு வேண்டாமா?

சாந்தெனி, வியாழன் காலை

ரெயூனியனிலிருந்து ஒரு சொல். பவர் சப்ளையை நம் இரண்டு தீவிலும் கடைக்காரர் ‘அலிமாந்தாசியோன்’ என்கிறார். பிரெஞ்சில் அது சோறூட்டுவது. ஆகவே ‘மின்னூட்டி’. ஊட்டு, ஊட்டம், ஊண், உண் என்று வேர் நேரே போகிறது. ஊட்டிய பின் இலையில் மிஞ்சுவது ‘மிச்சில்’, திருக்குறளிலேயே இருக்கிறது. விருந்தாளி அட்டை, அதை உண்பித்த பின் மிஞ்சுவது மிச்சில்.

கத்ர் போர்ன், வியாழன் காலை

மின்னூட்டம் ஏற்கெனவே இயற்பியல் பாடத்தில் கூலோமில் அளப்பதற்குப் பெயர். ‘மின்வழங்கி’ என்றால் வழங்கி சர்வராகி உட்கார்ந்திருக்கிறது. ‘திறன்’ என்றால் இலங்கைப் புத்தகம் வைத்திருப்பவர் ‘வலு’ எங்கே என்பார். தமிழ்நாட்டுக் கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். பவர் சப்ளை என்றே விடுங்கள், டீச்சர். கிராஃபிக்ஸ் அட்டையையே பிள்ளைகள் ‘கார்த் கிராஃபிக்’ என்கிறார்கள்.

சொல் எதுவானாலும் வயர் பகுதி வரைவில் மெலிவாக இருக்கிறது. வாட் மிஞ்சியும் வயரில் கெடுப்பவர்களே அதிகம். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் துளை 75 வாட் வரை தரும், 6 ஊசி இணைப்பு 75, 8 ஊசி 150. ஒரே ஒரு 8 ஊசி உள்ள 4070-க்கு 75 + 150 = 225, போதும். இரண்டு 8 ஊசி கேட்கும் அட்டைக்குப் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனி வயர் இழுக்க வேண்டும். ஒரே வயரின் வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறதே என்று இரண்டையும் செருகினால் அந்த ஒரு வயர்தான் சூடாகும். வட்டுக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 8 ஊசிக்கு மாற்றும் துண்டு வயரை வாங்கவே வேண்டாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். அதில் 150 இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். கழற்றி மாட்டும் வயர்களை வேறு பெட்டியின் வயரோடு கலக்கவும் கூடாது. அட்டைப் பக்க முனை ஒன்றாக இருந்தாலும் பெட்டிப் பக்க ஊசி வரிசை மாறியிருக்கும்.

டர்பன், வியாழன் மாலை

தம்பி சொன்ன வயர் கணக்கு சரி. யு.பி.எஸ். கணக்கையும் சேருங்கள், உங்கள் ஊரில் சூறாவளிக் காலத்துக்கு அது தேவை. உள்ளே 377 வாட் கொடுக்க, 85 விழுக்காடு திறமையுள்ள பவர் சப்ளை சுவரிலிருந்து 377 ÷ 0.85, ஏறக்குறைய 444 வாட் இழுக்கும். 650 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) என்று போட்ட யு.பி.எஸ். பல 390 வாட்டுக்குள் நின்றுவிடும். பெட்டியில் 163 மிஞ்சும், யு.பி.எஸ்.ஸில் பற்றாக்குறை. இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். இதைச் சொல்ல எனக்கே மனமில்லை, ஆனால் வெறும் ‘மிச்சம்’ போதும்போல் இருக்கிறது. “12 வோல்ட்டில் மிச்சம் எவ்வளவு?” என்று கேட்டால் யாருக்கும் புரியும்.

ரோஸ் ஹில், வியாழன் இரவு

நன்றி ஐயா. டர்பன், சாந்தெனி, நான்: மிச்சம். யாங்கூன்: சேமம், அடிக்குறிப்பிலாவது. தலைப்பில் ‘மிச்சத் திறன்’, அட்டவணையில் ‘மிச்சம்’, பவர் சப்ளை அப்படியே. 550 வாட் பெட்டி போதுமா என்ற வரியில், தயாரிப்பாளர் 4070-க்கு 650 சொல்வது கனத்த செயலியையும் சுமாரான பெட்டியையும் மனதில் வைத்து என்று சேர்த்திருக்கிறேன். கோப்பு காலை எட்டுக்கு அச்சகம் போகிறது.

கத்ர் போர்ன், வியாழன் நள்ளிரவு

மிச்சம் தானாக மிஞ்சுவது, டீச்சர். இது வாங்கும்போதே நாமாக விட்டுவைப்பது. அச்சுக்குப் போகட்டும். நான் பானையை அடுப்பிலிருந்து இறக்கவில்லை.