நாயகனின் பின்கதை கதைக்குள் வேலை செய்ய என்ன வேண்டும்?

கேள்வி: முதல் அத்தியாயத்திலேயே நாயகனின் சோகமான இளமையைச் சொல்லியும் அது ஒட்டாமல் நிற்பது ஏன்? கர்ணனை வைத்து விளக்குங்களேன்.

பதில்: சோகம் மட்டுமே நாயகனின் குணக்குறையாகாது. அதிலிருந்து அவன் எடுக்கும் தப்பான முடிவுதான் குறை. வில்வித்தை அரங்கில் குலம் கேட்டு அவமானப்பட்ட கர்ணனுக்குத் துரியோதனன் அங்கநாட்டைத் தருகிறான். அதன்பின் தன்னை மதித்தவன் செய்வதெல்லாம் சரி என்பது கர்ணனின் முடிவு. சூதுச் சபையில் திரௌபதியை இழிவாகப் பேசுவதும் அந்தக் கணக்கில்தான்.

பதில்: நாயகன் செய்த தப்புக்கு விலையும் வேண்டும், ஆனால் உடனே வேண்டாம். வித்தை கற்க, தான் பிராமணன் என்று பரசுராமரிடம் கர்ணன் சொன்ன பொய்க்கான சாபம் கடைசிப் போரில்தான் பலிக்கிறது.

பதில்: வளர்ச்சி என்றால் அணி மாறுவதல்ல. மகாபாரதத்தில் போருக்கு முந்தைய பகுதியான உத்தியோக பருவத்தில், பாண்டவர்களைக் கடுஞ்சொல் சொன்னதற்குக் கண்ணனிடம் வருந்துகிறான், பக்கம் மாறவில்லை. அர்ச்சுனனைத் தவிர மற்றப் பாண்டவர்களைக் கொல்வதில்லை என்று குந்திக்குக் கொடுத்த வாக்குப்படி, போரில் பீமனை வில் நுனியால் தொட்டு விட்டுவிடுகிறான். அப்போதும் பெருந்தீனிக்காரன் என்று ஏளனம் வேறு! அந்தப் பழைய குணத்தை அழித்துவிடாதீர்கள்.