ஸ்பானிஷில் 'என்ன' என்று கேட்க எப்போது 'கே', எப்போது 'குவால்'?

வணக்கம் நண்பர்களே. நான்கு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். வாசிக்க வருகிறது, கேள்வி கேட்கத்தான் தடுமாறுகிறேன்.

'பியெனெஸ் மன்யானா' என்றால் 'நாளை வருகிறாய்'. 'நாளை வருகிறாயா' என்பதற்கும் அதே சொற்கள்தான்! நம்முடைய 'ஆ' மாதிரி ஒட்டு எதுவும் கிடையாது. எழுத்தில் முன்னாலேயே ¿ வந்து காப்பாற்றுகிறது. பேச்சில் கடைசியில் குரலை உயர்த்த வேண்டும். அது பழகினால் வந்துவிடும் என நினைக்கிறேன்.

பெரிய சிக்கல் 'கே', 'குவால்'. இரண்டையும் 'என்ன' என்றே மனப்பாடம் செய்துவிட்டேன். போன் நம்பர் கேட்க 'கே எஸ் து நூமெரோ' என்றேன். ஆசிரியர் 'குவால் எஸ்' என்று திருத்தினார். விளக்கம் கேட்க 'கே எஸ்', பலவற்றில் எது என்று கேட்க 'குவால் எஸ்' என்றார். சரி, புரிந்தது. அப்புறம் மணி கேட்கும்போது மட்டும் ஏன் 'கே ஓரா எஸ்'? பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எப்போதும் 'கே' தானா? லத்தீன் அமெரிக்கர்கள் சிலர் 'எந்தப் புத்தகம்' என்பதற்கு 'குவால் லிப்ரோ' என்றும் சொல்கிறார்களே?

ஸ்பானிஷ் பேசும் ஊரில் இருப்பவர்கள், நீங்கள் தினமும் கேட்கும் கேள்விகள் நாலைந்தை எழுதுங்கள். அவற்றை வைத்துப் பழகிக்கொள்கிறேன்.