போர்வெல் தண்ணீரும் ஆர்சனிக்கும்: கண்டது, கேட்டது, சோதித்தது

செந்தூல், கோலாலம்பூர்:
எங்கள் லாரிப் பட்டறையில் பங்களாதேஷ்காரர் ஒருவர் இருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவோம். கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கும்போது பார்த்தேன்: இரண்டு உள்ளங்கையிலும் கெட்டிக் கெட்டியாகப் புள்ளிகள். வேலைக் காய்ப்பு கருவி அழுத்துகிற இடத்தில்தான் வரும். இவருக்கு நடுக்குழி வரை இருந்தது. கேட்டதும் சட்டைப் பட்டனைத் திறந்து நெஞ்சைக் காட்டினார். புழுதியில் மழைத்துளி விழுந்த மாதிரி கறுப்பும் வெளுப்புமாகத் தடம். “ஆயெர் கம்போங்” (மலாயில் ஊர்த் தண்ணீர்) என்றார், ஏதோ சளி பிடித்ததைச் சொல்வதுபோல.

சின்ன வயதில் வீட்டு அடிபம்பில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்களாம். பச்சை அடித்தால் குடிக்கலாம், சிவப்பு என்றால் தண்ணீரில் ஆர்சனிக் விஷம் அதிகம், குடிக்கக் கூடாது. அதுவரை குடித்தது குடித்ததுதான். எனக்கு ஆறாத விஷயம் வேறு. குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வாந்திபேதியில் சாகிறார்கள் என்றுதான் 1970களில் யூனிசெஃப் உதவியோடு குழாய்க்கிணறுகளைப் பரப்பினார்கள். 1983லேயே மேற்கு வங்கத்தில் ஆர்சனிக் நோயாளிகளைக் கண்டுபிடித்தாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் பங்களாதேஷ் கிணற்றில் ஆர்சனிக் உறுதியானது 1993ல்!

கெப்போங்:
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். ஆர்சனிக் என்றதும் ஃபேக்டரிக் கழிவு என்றே பலரும் நினைக்கிறார்கள். வங்காளத்தில் அது மண்ணோடு வந்த சங்கதி. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அடித்துவரும் மண்துகள்மேல் இரும்புத் துரு படிந்திருக்கும், துருவில் ஆர்சனிக் ஒட்டியிருக்கும். ஒட்டிக்கிடக்கும்வரை தொல்லை இல்லை. டெல்டாவில் இலைதழையோடு சேர்ந்து அது புதைந்ததும் நுண்ணுயிர்கள் அந்த மக்கைத் தின்று முதலில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் மூச்சுவிட அவை பிடித்துக்கொள்வது துருவில் உள்ள இரும்பை. துரு கரையும், ஆர்சனிக் தண்ணீரில் இறங்கும். அதனால்தான் அங்கே ஆழமில்லாத இளம் படிவத்துக் கிணறுகள் மோசம், 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் நல்ல தண்ணீர்.

நம் பக்கம் கதை தலைகீழ். தெற்குத் தாய்லாந்தின் ரொன் பிபூனில் 1987ல் இதே தோல் நோயைக் கண்டுபிடித்தார்கள். அது ஈயச் (வெள்ளீயம், அதாவது டின்) சுரங்க ஊர். தாதுவோடு ஆர்சனோபைரைட் என்ற, ஆர்சனிக் கலந்த கனிமமும் கிடந்தது. காற்றுப் படாதவரை அது பேசாமல் இருந்தது. தோண்டிக் கழிவாகக் கொட்டியதும் காற்றும் மழையும் பட்டு ஆர்சனிக் கிணறுகளுக்குப் போனது. வங்காளத்தில் ஆக்சிஜன் இல்லாததால் வந்த வினை, இங்கே ஆக்சிஜன் பட்டதால் வந்த வினை. அந்த ஈயப் பட்டைதான் நம் மலேசியாவுக்குள்ளும் இறங்குகிறது. கோலாலம்பூரே ஈயத்தில் வளர்ந்த ஊர். அதற்காக ஒவ்வொரு ஈயக்குட்டையும் விஷம் என்று பயமுறுத்தாதீர்கள். கூட எந்தத் தாது கிடந்தது என்பதைப் பொறுத்தது அது.

புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு:
2024 ஜனவரியில் குழாய் வறண்டதே, அதற்கப்புறம் பக்கத்து வீட்டு மாமா போர் போட்டுவிட்டார். இறைத்தவுடன் தெளிவாகத்தான் இருக்கும். ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் காலையில் மேலே பளபளவென்று ஏடு, அடியில் செம்மஞ்சள் வண்டல். ஃபில்டர் விற்க வந்தவர், “கொதிக்க வைத்தாலே போதும் அங்கிள்” என்றார். (அப்புறம் எதற்கு ஃபில்டர் விற்கிறார்?) கிருமிக்கு அது சரி. ஆர்சனிக் ஆவியாகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. லேபுக்குக் கொடுத்தோம். இரும்பு எக்கச்சக்கம், ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள். மாமாவுக்கு ஒரே சந்தோஷம்.

கெப்போங்:
எந்த பாட்டிலில் கொடுத்தார்?

புக்கிட் மெர்தாஜாம்:
மினரல் வாட்டர் பாட்டில்தான் ஐயா. ரெண்டு நாள் கழித்துக் கொண்டுபோனார்.

கெப்போங்:
அப்படியென்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். இரும்பு அதிகமுள்ள தண்ணீரில் காற்றுப் பட்டதும் துரு பாட்டிலிலேயே படியும், ஆர்சனிக்கையும் கூடவே இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துச் சோதித்தால் குறைத்துத்தான் காட்டும். லேபிலேயே கொஞ்சம் அமிலம் விட்ட பாட்டில் தருவார்கள். அதைக் கழுவாமல், வழியவிடாமல் பிடிக்கணும். பம்பை முதலில் சற்று நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தச் செம்மஞ்சள் வண்டலைக் கீரைப் பாத்தியில் கொட்டுகிறாரா?

புக்கிட் மெர்தாஜாம்:
கொட்டுகிறார். இப்போதே போய்ச் சொல்கிறேன்.