நல்லவர்களுக்குப் பலன் இம்மையிலா, மறுமையிலா? வகுப்பில் எப்படிச் சொல்வது?

தேவார வகுப்பு, சுங்கை சிப்புட்:
வணக்கம். ஞாயிறு வகுப்பில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் நேர்மையாகப் பால் வெட்டியவர்களுக்கு லயத்து வீடுகூட மிஞ்சவில்லை. நல்லது செய்தால் பலன் எப்போது வரும்?" வகுப்பு ஒரு மணி நேரம். எந்தப் பாடலில் தொடங்கலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்:
குறள் 169-இல் தொடங்குங்கள் அம்மா. பொறாமைக்காரன் ஆக்கமும் செவ்வியான் கேடும் "நினைக்கப்படும்" என்கிறார் வள்ளுவர். பிள்ளைகள் கேட்டது அவரே எழுப்பிய கேள்விதான். அது அவர்களுக்குத் தெரியட்டும். அடுத்து குறள் 31. அறம் தரும் "சிறப்பு" என்பதைப் பரிமேலழகர் வீடுபேறு, அதாவது பிறவியிலிருந்து விடுதலை என்கிறார், "செல்வம்" துறக்கம் (சொர்க்கம்) முதலியவை என்கிறார். மு.வ. சிறப்பு, செல்வம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். இரண்டு உரையையும் பலகையில் எழுதிப் போடுங்கள்.

வகுப்பு கெடுவது குறள் 37-இல்தான். பல்லக்கில் போகிறவனையும் அதைச் சுமக்கிறவனையும் பார்த்தாலே அறத்தின் பயன் தெரியும் என்பது பரிமேலழகர் உரை. "அவர்களைக் காட்டி அறத்தின் பயன் இதுதான் என்று சொல்லவே வேண்டாம்" என்று எதிர்ப்பொருள் கொள்வோரும் உண்டு. முதல் உரையை மட்டும் சொன்னால், 'தாத்தா பாவம் செய்ததால்தான் பால் வெட்டினார்' என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதற்கு இடமே கொடுக்காதீர்கள். கூடவே குறள் 1062-ஐ வையுங்கள்: பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் கெட்டுப்போகட்டும் என்கிறார். இரப்பவன்மேல் அவர் பழி போடவில்லை. குறைந்த கூலியை நிர்ணயித்தது மனிதர்கள். அதை ஊழ் கணக்கில் எழுதக் கூடாது.

சித்தாந்த மாணவர், தைப்பிங்:
ஐயா சொன்னதோடு சைவ நிலையையும் சேர்க்க வேண்டும். சஞ்சிதம் சேர்ந்து கிடக்கும் வினை, பிராரத்தம் இப்பிறவியில் அனுபவிப்பது, ஆகாமியம் இப்போது செய்வது. செம்பனைக் கன்று நட்டுக் குலை வெட்ட மூன்று வருஷம் ஆகிறதல்லவா, வினையும் பலனும் அப்படித்தான், உடனுக்குடன் வராது.

பிள்ளைகள் அதிகம் தவறுவது சொர்க்கத்தை நிரந்தரம் என்று நினைப்பதில். சிவபுராணம் மனப்பாடம்தானே? "வல்லசுரராகி முனிவராய்த் தேவராய்" என்ற அடியை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். பிறந்து இளைத்த பிறப்புகளின் வரிசையில் தேவரும் இருக்கிறார். புண்ணியம் தீர்ந்தால் அங்கிருந்தும் இறங்க வேண்டும். முடிவில்லாதது வீடுபேறு ஒன்றுதான்; அதற்கு வழி புண்ணியத்தைக் குவிப்பதன்று, நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒன்றாகப் பார்க்கும் இருவினையொப்பு.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்:
நேரம் இருந்தால் புறநானூறு 134. மறுமைக்கு உதவும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் "அறவிலை வணிகன்" அல்லன் வள்ளல் ஆய் என்கிறார் புலவர் முடமோசியார். கடைசிப் பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள். குறள் 37-ஐ அவசரமாக முடிக்காதீர்கள், அதற்கு இருபது நிமிடமாவது வேண்டும்.